மூன்று சிவப்புப் பொட்டு

என் கணவர் தயாபரன் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. கல்யாணம் கட்டி இருபத்தொன்பது வருஷமாகிறது. பாதி குடித்ததும் எழும்பி யன்னலுக்குப் போவார், அங்கிருந்து வாசலுக்கு, பிறகு கார்த் திறப்பைத் தேடுவார். மிச்சத்தைக் குசினித் தொட்டியில் ஊற்றுகிறவள் நான். இத்தனை வருஷத்தில் ஒரு கிணறளவு ஊற்றியிருப்பேன்.

கல்யாணத்தன்றே அப்படித்தான். கொட்டாஞ்சேனைக் கோவிலில் ஃபாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளை எழும்பிப் பின்கதவுவரை போய்விட்டு வருகிறார். வெளியில் கார் நிற்கிறதா என்று பார்க்கப் போனாராம். என் அப்பா சூசைதாசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எண்ணித்தான் வாய் திறப்பார். பூசை முடிந்து வெளியே வரும்போது என் பக்கம் குனிந்து, "மகள், இந்தாள் நிப்பாரா?" என்று கேட்டார்.

"நிப்பார் அப்பா" என்றேன். கோவில் வாசலில் நின்று சொன்ன பொய்.

இவர் எங்கே நின்றிருக்கிறார்? வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனை, திரும்பவும் வெள்ளவத்தை என்று ஒன்பது வீடு மாறிவிட்டோம். ஒரு வீட்டில் தண்ணீர் வரத்துப் போதாது, ஒரு வீட்டில் கடல் காற்று இரும்பைத் தின்கிறது, ஒரு வீட்டில் பின்மதில் உயரம் கூட. மதில் உயரமென்றால் நல்லதுதானே, கள்ளன் வரமாட்டான் என்று நான் சண்டை பிடித்தேன். "நாங்கள் வெளியிலை பாயிறதெண்டா?" என்று கேட்டார். புதுசாகக் கல்யாணம் கட்டியவளுக்கு இது எப்படி விளங்கும்? உத்தியோகமும் அந்தக் கால்களுக்கு ஏற்றதுதான். வாஃப் கிளாக். கப்பலில் வந்த சாமானை எடுப்பதற்கான பத்திரங்களோடு துறைமுகத்துக்கும் சுங்கக் கந்தோருக்குமிடையில் நாள் முழுக்க ஓடவேண்டும். கால் உளைகிறது என்று இவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பார் என்று நினைக்கவேண்டாம். ஞாயிறுதான் பழைய இசைத்தட்டு தேடுகிற நாள்.

நான் காலைப் பூசை கண்டு வருவதற்குள் எங்கள் சின்ன ஆல்ட்டோ ஒழுங்கை வாசலில் இரைந்துகொண்டு நிற்கும். காலி வீதியைப் பிடித்தால் தெஹிவளை, மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறை என்று தெற்கே போய்க்கொண்டே இருப்பார். அதிவேகப் பாதையில் ஏறமாட்டார். "ஹைவேயிலை பழைய சாமான் கடை இல்லை" என்பார். கடை கண்ட இடத்தில் காரை ஓரங்கட்டி, இஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, "மல்லி, பரண றெக்கோட் தியெனவாத?" என்று சிங்களத்தில் கேட்பார். பழைய றெக்கோட் இருக்கிறதா என்ற இந்த ஒரு கேள்வியை நான் ஆயிரம் தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். முதலாளிமாரும் மூலையில் கிடக்கும் குவியலைக் கையால் காட்டிவிட்டுத் தங்கள் பாட்டில் இருப்பார்கள். பெற்றோலுக்கு ஊரே நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருஷத்திலும் இவர் இரண்டு நாள் நின்று கிடைத்த பெற்றோலை ஞாயிற்றுக்கிழமை பாணந்துறைக்குப் போய் எரித்துவிட்டு வந்தார். மெல்பேணிலிருந்து மகள் றஷ்மி அழைத்தால் முதல் கேள்வியே, "அம்மா, அப்பா இண்டைக்கு எந்த ஊர்?" என்பதுதான்.

இவர் இசைத்தட்டுப் பார்க்கிற அழகைப் பார்த்தால் பாட்டுப் பைத்தியம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பாடியவர் பெயரைப் பார்ப்பதில்லை. கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நடுவில் ஒட்டியிருக்கிற லேபலை வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்புவார். இல்லையென்றால் அடுத்தது. நூறு இசைத்தட்டை ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வருகிற மனுஷனைக் கடைக்காரர்கள் என்னவென்று நினைப்பார்கள்? நான் பின்னால் நின்று சிரித்துச் சமாளிப்பேன், சிலநேரம் வெட்கத்துக்கு ஒரு பீங்கான் வாங்குவேன். எங்கள் வீட்டில் ஒன்றோடொன்று சேராத பீங்கான் இருபது இருக்கிறது.

இவர் தேடியது பாட்டையல்ல, ஒரு குறியை. எழுபதுகளில் ஒரு வீட்டில் எல்லாப் பாட்டும் இருக்காது. பிறந்தநாளோ நத்தார் டான்ஸோ வந்தால் அயல் வீடுகளில் இசைத்தட்டு இரவல் வாங்குவோம். விருந்து முடிந்தபிறகு எது யாருடையது என்று சண்டை வரும். அதற்காக ஒவ்வொரு வீட்டாரும் லேபலில் ஒரு குறி வைப்பார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குறி நீலச் சிலுவை. அப்பா துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த எனாமல் பெயின்ற். வெள்ளவத்தையில் இவருடைய வீட்டுக் குறி மூன்று சிவப்புப் பொட்டு, அடுப்புக் கல் வைத்தமாதிரி. இவருடைய தாய் தன்னுடைய நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸைத் தொட்டு வைத்தது.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் இவருக்குப் பதினாறு வயது. வீடு கடல்பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்தது. தெருவில் சத்தம் கேட்டதும் தாயும் தகப்பனும் இவருமாகப் பின்மதிலால் பாய்ந்து, பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் மேல்மாடியில் ஒளித்திருந்தார்கள். யன்னல் இடுக்கால் இவர் எல்லாவற்றையும் பார்த்தார். முதலில் சாமான்களைக் கொண்டுபோனார்கள். தையல் மெசின் போனது. றெக்கோட் பிளேயரை ஒருவன் தலையில் வைத்துக்கொண்டு போனான். இசைத்தட்டுகள் அடுக்கியிருந்த பெரிய பிஸ்கட் ரின்னை இன்னொருவன் இடுப்பில் வைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் நெருப்பு வைத்தார்கள். படங்கள் எல்லாம் அலுமாரியோடு எரிந்தன.

இரத்மலானையில் விமானநிலையத்து முகாமில் இருந்த நாட்களில் தாய் அடிக்கடி சொன்னது ஒன்றே ஒன்றுதானாம். "பிளேயரை நிப்பாட்டாமல் வந்திட்டன்." இவர்கள் மதிலால் பாய்ந்தபோது ஒரு பாட்டு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்குப் போகிறவன் ஒருத்தன் ஸ்டேஷனில் நின்று காதலியிடம் போயிட்டு வாறன் என்று பாடுகிற பொப் பாட்டு. அந்தக் காலத்தில் கொழும்புத் தமிழர் வீடுகளில் பாதியிலாவது அது இருந்திருக்கும், எங்கள் வீட்டிலும் இருந்தது. முகாமிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போனார்கள். நாலாம் வருஷம் தாய் காய்ச்சலில் செத்துப்போனார். அவருடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதையெல்லாம் இவர் எனக்குச் சொன்னது கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், களுத்துறைப் பாலத்தில் வாகன நெரிசலில் நின்றபோது. "அம்மாவின்ர முகம் எனக்கு இப்ப வடிவா வருகுதில்லை" என்றார். நான் அழுதேன், இவர் ஹோர்ன் அடித்தார். "எரிஞ்சதைத் தேடேலாது பேர்ணி. கொண்டுபோனதைத் தேடலாம். அது இந்த றோட்டிலதான் எங்கேயோ கிடக்கு."

தாயின் கை பட்ட ஒரேயொரு சாமான் கிடைத்தால் இந்த மனுஷன் ஓரிடத்தில் இருப்பார் என்று நானும் நம்பினேன். நம்பித்தான் இத்தனை வருஷம் முன் சீற்றில் இருந்தேன்.

அதே பாட்டு அகப்படாமல் இல்லை. அம்பலாங்கொடையில் ஒன்று, காலியில் ஒன்று. இரண்டிலும் பொட்டு இல்லை. அழிந்திருக்கலாம் என்று கடைக்காரரின் பிளேயரில் போட்டுப் பார்ப்பார். பாட்டு பாதிக்கு வந்ததும், "இல்லை" என்று ஊசியைத் தூக்கிவிடுவார். தேத்தண்ணியைப்போல பாட்டையும் பாதியில் விடுகிற ஆளென்று நான் நினைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் எங்கள் அப்பாவின் பெட்டியிலிருந்து அந்தப் பாட்டை எடுத்து இவரிடம் நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். "இது உங்கட வீட்டுது" என்று திருப்பித் தந்துவிட்டார்.

போன வருஷம் வாதுவையில் கார் ரோட்டை விட்டு இறங்கித் தெம்பிலி இளநீர்க் குலைகள் கட்டித் தொங்கவிட்டிருந்த கடைக்குள் புகுந்தது. கண் இருட்டிவிட்டதாம். கடைக்காரி சாப்பிடப் போயிருந்தபடியால் உயிர்ச்சேதம் தெம்பிலியோடு போயிற்று. பொரளையில் டொக்டர் பிரஷரையும் சீனியையும் பார்த்துவிட்டு, தூரப் பயணம் ஓடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். இவர் பணிவாகத் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு நான் பூசையிலிருந்து வர, ஆல்ட்டோ வாசலில் இரைந்துகொண்டு நிற்கிறது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் காரைக் கொளுத்தியிருப்பேன். செத்துப்போன தாயின் கியூடெக்ஸைத் தேடி இந்த மனுஷன் என்னை விதவையாக்கப் போகிறார். காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். பாணந்துறை வருமுன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று பொட்டுத்தானே வேண்டும்? நான் வைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை வீட்டில் இப்போது என் தம்பி றொஹான் இருக்கிறான். அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போய், கட்டிலுக்குக் கீழே இருந்த அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பாட்டு அடியில் கிடந்தது, லேபலில் அப்பாவின் நீலச் சிலுவையோடு. வேறு கொப்பி தேடி அலைய எனக்கு நேரமில்லை, இவருக்கும் உடம்பில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குள் ஒரு கடையில் கியூடெக்ஸ் ஒரு போத்தலும் அதை அழிக்கிற மருந்தும் வாங்கினேன். ஐம்பத்தைந்து வயதில் முதல்முதலாக வாங்குகிறேன். கடைப்பெட்டை, "அன்ரி, எந்தக் கலர்?" என்று கேட்க, "பழைய சிவப்பு" என்றேன். அவள் என் முகத்தை ஒருமாதிரிப் பார்த்தாள்.

சிலுவை இலேசில் போகவில்லை. பஞ்சில் மருந்தைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்க, லேபலில் இருந்த எழுத்தும் கொஞ்சம் வந்தது. அப்பா சாகும்போது நான் இவ்வளவு அழவில்லை. கடைசியில் மெல்லிய நீலம் ஒன்று மிஞ்சியது. அதற்கு மேலே நடுப் பொட்டை வைத்தேன். மற்ற இரண்டையும் இவர் ரசீதுத் துண்டுகளில் எனக்குக் கீறிக் காட்டிய அளவில் வைத்தேன். காய்ந்ததும் துணியால் தேய்த்து மங்கவைத்தேன். சட்டத்தரணி ஒருவரிடம் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள் நான், கள்ளக் காணி உறுதி எப்படி முடிப்பார்கள் என்பது கொஞ்சம் தெரியும்.

இனி இது நம்பக்கூடிய ஓரிடத்தில் கிடைக்கவேண்டும். பேருவளையில் லுத்பியா தாத்தா என்று ஒருவர் இருக்கிறார், அங்கே அக்காவைத் தாத்தா என்பார்கள். கணவர் சவுண்ட் சேர்விஸ் வைத்திருந்தவர். அவர் மௌத்தான பிறகு அம்ப்ளிஃபயர், இசைத்தட்டு எல்லாவற்றையும் வீட்டு விறாந்தையில் வைத்து விற்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருதரம் நாங்கள் போகிற வீடு. ஒரு வெள்ளிக்கிழமை இவர் துறைமுகத்துக்குப் போனதும் நான் ரயில் ஏறினேன்.

லுத்பியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முக்காட்டைச் சரிசெய்தார். "பொய் செல்ல எனக்கு ஏலா தங்கச்சி" என்றார்.

"நீங்க ஒண்டும் சொல்லவேணாம் தாத்தா. பெட்டிக்குள்ள வெச்சாப் போதும்."

"அவர் கேட்டா?"

"கேட்டா..." என்று இழுத்தேன்.

"கேட்டா இது எங்கட ஊட்டுக்கு வந்த சாமான் எண்டு செல்லுவன். வந்ததுதானே. அதுக்கு மேல கேட்டா உள்ள போயிடுவன்."

அடுத்த ஞாயிறு நானே, "பேருவளைக்குப் போவமா?" என்று கேட்டேன். என்றைக்கும் கேட்காதவள் கேட்கிறாளே என்று இவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வழக்கம்போல இரத்மலானையில் விமானநிலையப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வேகமாக ஓட்டினார். கள்ளச் சாமானை நான் வைத்துவிட்டு, கண்டெடுக்கிறவரையும் நானே கூட்டிப்போகிறேன்.

விறாந்தையில் குந்தி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனவர் ஒன்றில் நின்றார். எழும்பி வெளிச்சத்துக்குப் போனார். பெருவிரலால் பொட்டுகளைத் தடவினார். மறுபக்கம் திருப்பினார், திரும்பவும் இந்தப் பக்கம் திருப்பினார். இவ்வளவு நேரம் இவர் ஓரிடத்தில் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தாத்தா, இது எப்ப வந்தது?" என்று கேட்டார்.

"போன வெள்ளிக்கிழம வந்த சாமான்" என்றார் லுத்பியா முகட்டைப் பார்த்துக்கொண்டு. உடனே தேத்தண்ணி ஊற்றவென்று உள்ளே போய்விட்டார்.

இவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஒரு அம்ப்ளிஃபயரின் பின்பக்க வயர்களை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"எடுப்பம் பேர்ணி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிளேயரில் போட்டார். பாட்டு பாதிக்கு வந்தபோது கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார். எழும்பிய நிலையிலேயே கொஞ்சம் நின்றார். பாட்டு அதன்பாட்டில் ஓடியது. "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு பல்கனிக்குப் போய்விட்டார். சந்தோஷத்தை எனக்குக் காட்ட வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் வெளிக்கிடவில்லை. பேப்பர் வாசித்தார். கருவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் கேட்டதும் இதைத்தானே? ஆனால் இவருடைய கால்கள் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோறு அடுப்பில் இருக்க பல்கனிக்குப் போவேன், பல்கனியிலிருந்து வாசலுக்குப் போவேன். இவர் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தினால் கேட்கப் போகிறார் என்று நெஞ்சு அடிக்கும். கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று அடிக்கும். படுத்தால் அப்பாவின் சிலுவை கண்ணுக்குள் வரும்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கூண்டுக்கு அந்தப்பக்கம் இருந்த ஃபாதர் இளம் ஆள். "என்ன றெக்கோட்?" என்று இரண்டுதரம் கேட்டார். பிறகு, "அவரிட்டச் சொல்லுங்கம்மா" என்றார்.

"வேற ஏதும் பரிகாரம் இல்லையா ஃபாதர்? அம்பத்திமூண்டு மணிச் செபமாலை எண்டாலும் சொல்லுறன்" என்றேன்.

"சொல்லுறது லேசு எண்டு நான் சொல்லேல்ல" என்றார்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் றொஹான் வீட்டுக்குப் போனேன், மனதை ஆற்றத்தான். அவன் கதையோடு கதையாக, "அக்கா, மச்சான் வந்தவர்" என்றான்.

"எப்ப?"

"அவர் வந்து ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். அப்பாட றெக்கோட் பெட்டியைப் பாக்கவேணும் எண்டார். எடுத்துக் குடுத்தன். எல்லாத்தையும் வெளியில எடுத்துப் பாத்திட்டுத் திரும்ப அடுக்கி வெச்சிட்டுப் போயிட்டார்."

வந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைவரை பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைத்தது, ஆனால் நான் நின்றுகொண்டே வந்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் ஏறும்போது சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

இவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். மேசைவிளக்கு எரிந்தது. அதற்குக் கீழே அந்த இசைத்தட்டு. ஒரு கையில் பூதக்கண்ணாடி, மற்றக் கையில் என் தையல் ஊசி.

"என்ன செய்யிறீங்க?"

"கொஞ்சம் பொறும். கை ஆடினாப் பிழைச்சிடும்."

"நான் ஒண்டு சொல்லவேணும். அது உங்கட வீட்டு றெக்கோட் இல்ல."

"ஓம்" என்றார் தலை நிமிராமல்.

"அது அப்பாட. நான்தான் சிலுவைய அழிச்சுப் பொட்டு வெச்சனான். நான்தான் பேருவளைக்குக் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"தெரியும் பேர்ணி. நடுப் பொட்டுக்குக் கீழ நீலம் கிடக்கு. முப்பது வருசமா லேபல் பாக்கிறவனுக்கு அது தெரியாமப் போகுமே? வீட்டை வந்து போட்டுப் பாத்ததும் சரியா விளங்கிட்டுது. எண்டாலும் ஒரு மனம் கேக்காமல் கொட்டாஞ்சேனைக்கும் போய்ப் பாத்தனான்."

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுகொண்டா பேப்பர் வாசிச்சீங்க? நான் ஆறு கிழமை நித்திரை இல்லாமத் திரியிறன். பாவசங்கீர்த்தனத்துக்கும் போயிட்டு வந்திட்டன்."

"நான் என்னத்தைச் சொல்லுறது? உம்மட அப்பாவின்ர குறியை அழிச்சுப்போட்டு வந்து நிக்கிறீர். அதை நினைச்சா எனக்குக் கதை வரேல்லை." ஊசியை மேசையில் வைத்தார். "இனி நான் வேறையொண்டைத் தேடிப் போனா, நீர் அழிச்சதுக்கு என்ன மரியாதை?"

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன்.

"பிறகு ஏன் ஊசியால அதைக் கிண்டிக்கொண்டிருக்கிறீங்க?"

"இதிலை ஒரு குறை இருக்கு." இவர் இதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. "அம்மாவின்ரதிலை, 'வாறன்' எண்டு பாடுற இடத்திலை ஒரு கீறல். அங்க வந்தா ஊசி நிண்டு சுத்தும். வாறன், வாறன், வாறன் எண்டு கிடக்கும். நாங்கள் ஒருத்தரும் எழும்பமாட்டம். அம்மாதான் குசினிக்குள்ளை இருந்து, 'வாறன், வாறன், கத்தாதை' எண்டு றெக்கோட்டுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு வந்து, ஈரக் கையால ஊசியைத் தள்ளிவிடுவா."

அம்பலாங்கொடையிலும் காலியிலும் பாட்டைப் பாதிவரை கேட்டுவிட்டு ஏன் ஊசியைத் தூக்கினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடத்தில் நிற்கிறதா என்று பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் முதல்நாள் போட்டபோது அரைவாசி எழும்பி நின்றதும் அதற்குத்தான். நான் நினைத்தது வெட்கமாம். இத்தனை வருஷம் பக்கத்துச் சீற்றில் இருந்தும் இந்த ஆளை நான் இவ்வளவுதான் படித்திருக்கிறேன்.

பிளேயரில் போட்டுப் பார்த்தார். ஊசியால் இவர் போட்ட கீறல் இடம் தப்பிவிட்டது, பாட்டு ஓடிப்போனது. திரும்ப எடுத்து விளக்குக்குக் கீழே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் துணிவு வரவில்லை. இராச் சாப்பாட்டுக்கு அரிசி போடவேண்டும் என்று எழும்பிக் குசினிக்குள் போனேன்.

அரிசியை இரண்டாம் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தபோது பாட்டு திரும்பவும் தொடங்கியது. ஸ்டேஷன், மணி, ரயில் சத்தம். அந்த இடம் வந்தது. வாறன் என்றது. வாறன், வாறன், வாறன் என்று நின்று சுற்றத் தொடங்கியது.

இவர் எழும்பி ஊசியைத் தள்ளுவார் என்று பார்த்தேன். கதிரை அசைகிற சத்தம் இல்லை. அரைத் தேத்தண்ணிக்குக்கூட இருக்கமாட்டாத மனுஷன் அசையாமல் இருக்கிறார். எட்டுத் தரம் கேட்டது, பத்துத் தரம் கேட்டது.

"வாறன், வாறன், கத்தாதை" என்றேன்.

எனக்கு அந்த யாழ்ப்பாணத்து 'கத்தாதை' சரியாக வராது. அரிசித் தண்ணீர் சொட்டும் கையோடு போய் ஊசியைத் தள்ளிவிட்டேன். பாட்டு அங்கிருந்து நகர்ந்தது. இவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தம்போட்டு அழுதார். நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பாட்டு முடிந்து, ஊசி நடுவில் போய் உரசிக்கொண்டு நிற்கும்வரை இவர் எழும்பவில்லை.